கிளேர் அடிக்காமல் அக்ரிலிக் ஓவியத்தைப் படமெடுக்க

வார்னிஷ் பூசுவதற்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள். பாதிப் பேருக்கு இதோடு வேலை முடிந்துவிடும்.

அக்ரிலிக் வண்ணங்களில் பெரும்பாலானவை காய்ந்தபின் பட்டுத்துணி போல லேசான மினுக்கத்தோடுதான் இருக்கும். கண்ணாடி மாதிரி மின்னுவது மேலே பூசும் கிளாஸ் (பளபளப்பு) வார்னிஷாலும், வண்ணத்தில் கலக்கும் கிளாஸ் மீடியத்தாலும், ரெசின் ஊற்றுவதாலும். கடைசிக் கோட் வண்ணம் காய்ந்து, வார்னிஷ் டப்பாவின் மூடியைத் திறக்காமல் காத்திருக்கும் அந்தச் சில நாட்கள் படமெடுக்க மிக நல்ல நாட்கள். வார்னிஷ் போட்டால் வரும் கருமையின் ஆழம் அப்போது கொஞ்சம் குறைவாகத் தெரியும். கணினியில் அதைத் திருத்திக்கொள்ளலாம். கிளேரால், அதாவது மேற்பரப்பில் பட்டுத் திரும்பி அடிக்கும் வெளிச்சத்தால், வெளுத்துப்போன இடத்தில் வண்ணம் பதிவாகியே இருக்காது. இல்லாததை எந்தச் செயலியாலும் திருப்பித் தர முடியாது.

வார்னிஷ் போட்டாகிவிட்டது, வாங்குகிறவர் படம் கேட்கிறார், அல்லது போட்டிக்கு நாளைக்குள் அனுப்ப வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்குத்தான் மீதிக் கட்டுரை. எனக்கும் அப்படி நடந்தது. ஒகேனக்கல்லில் நீர் விழும் இடத்தின் ஈரக் கரும்பாறைகளை மூன்றடிக் கான்வாஸில் வரைந்து, பாறை நனைந்தது போலவே தெரிய வேண்டும் என்று மூன்று கோட் கிளாஸ் வார்னிஷ் அடித்தேன். போட்டிக்கு அனுப்பிய படத்தில் பாறைகள் மேல் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிகள் வரிசையாக நின்றன. இரண்டு மாத உழைப்பு, அந்த ஒரு படத்தால் முதல் சுற்றிலேயே வெளியே வந்தது. அதன்பிறகு உட்கார்ந்து பழகியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கல் பட்டறையில் பார்த்தது

கிருஷ்ணகிரியைச் சுற்றி கிரானைட் பட்டறைகளுக்குக் குறைவில்லை. பாலிஷ் போட்ட கருங்கல் பலகையைப் பார்வையிடுகிறவர் எப்படி நிற்கிறார் என்று கவனித்துப் பாருங்கள். பாலிஷ் சரியா என்று பார்க்க, மேலே எரியும் டியூப்லைட் கல்லில் நேர்க்கோடாகத் தெரியும் இடத்தில் நின்றுகொள்வார். கல்லின் நிறத்தையும் புள்ளியையும் பார்க்க வேண்டுமென்றால் ஓரடி தள்ளி நிற்பார். டியூப்லைட் மறைந்து கல் தெரியும். விளக்கு நின்ற இடத்திலேயே நிற்கிறது, கல்லும் அசையவில்லை, பார்க்கிற கண்தான் நகர்ந்தது. பாலிஷ் போடாத கல்லில் இந்தத் தொல்லை இல்லை. அதன் சொரசொரப்பு வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடித்துவிடும்.

பளபளப்பான ஓவியமும் அந்தப் பாலிஷ் கல் மாதிரிதான். வெளிச்சம் எந்தச் சாய்வில் வந்து விழுகிறதோ அதே சாய்வில் மறுபக்கம் திரும்பிப் போகும். அது போகும் வழியில் உங்கள் லென்ஸ் இருந்தால் கிளேர், இல்லாவிட்டால் இல்லை. எனவே ஓவியத்தின் எதிரே உள்ள இடத்தில் எந்தப் பகுதியை ஓவியம் லென்ஸுக்குக் காட்டுகிறது என்று கண்டுபிடித்து, அந்தப் பகுதியை இருட்டாக வைப்பதுதான் மொத்த வேலையும். விளக்கின் பலத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் இதற்கு உதவாது. என்னிடம் பழக வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது "அண்ணா, லைட்டை இன்னும் கூட்டட்டா?" என்றுதான். "கூட்டாதம்மா, பக்கவாட்டுல தள்ளி வை" என்பேன்.

முதலில் ஒரு சின்னக் கண்ணாடி

முகச்சவரம் செய்யும் கண்ணாடி போதும். ஓவியத்தைச் சுவரில் செங்குத்தாக நிறுத்தி, கேமராவை டிரைபாடில் வைத்து, லென்ஸ் ஓவியத்தின் நடுப்பகுதி உயரத்தில் இருக்கும்படி செய்யுங்கள். பிறகு ஒருவரை அந்தக் கண்ணாடியை ஓவியத்தின் மேல் கீறல் படாமல் தட்டையாகப் பிடிக்கச் சொல்லுங்கள். கண்ணாடியின் பின்னால் மெல்லிய துணி ஒன்றை ஒட்டிக்கொள்ளுங்கள். முதலில் நடுவில், பிறகு நான்கு மூலையிலும். நீங்கள் கேமராத் திரையில் பாருங்கள்.

கண்ணாடியில் என்ன தெரிகிறதோ அதுதான் அந்த இடத்தில் வண்ணத்தின் மேல் படியப்போகும் கிளேர். ஜன்னல் தெரிந்தால் ஜன்னலை மூட வேண்டும். வெள்ளைச் சுவர் தெரிந்தால் அதை மறைக்க வேண்டும். வெள்ளைச் சுவரின் பிரதிபலிப்பை நிறையப் பேர் கண்டுகொள்வதே இல்லை, ஏனென்றால் அது பளிச்சென்று அடிக்காது. ஓவியம் முழுக்க மெல்லிய பால் ஆடை போர்த்தியது போல இருக்கும், கறுப்பு சாம்பலாகும். "என் போன் கேமரா சரியில்லை, கலரே வரமாட்டேங்குது" என்று சொல்கிறவர்களில் பலருடைய சிக்கல் இந்த வெள்ளைச் சுவர்தான்.

இதே கண்ணாடிக்கு இன்னொரு பயனும் உண்டு. ஓவியத்தின் நடுவில் வைக்கும்போது உங்கள் லென்ஸே கண்ணாடிக்கு நட்டநடுவில் தெரிந்தால், கேமரா ஓவியத்துக்கு நேர் எதிரே நிற்கிறது என்று பொருள். அப்படி நின்றால் சட்டம் கோணலாக வராது. ரசமட்டம் வைத்துப் பார்ப்பதைவிட இது துல்லியமானது.

கறுப்பு வேட்டி

கேமராவுக்குப் பின்னால் இருப்பதை இருட்டாக்க வேண்டும் என்றால் எவ்வளவு இடத்தை? இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. லென்ஸ் இருக்கும் அதே தூரத்தில் துணியைத் தொங்கவிட்டால், ஓவியத்தின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு அகலமும், உயரத்தைப் போல இரண்டு மடங்கு உயரமும் வேண்டும். கேமரா ஐந்தடியில் நின்றாலும் பத்தடியில் நின்றாலும் இந்தக் கணக்கு மாறாது. மூன்றடிக்கு இரண்டடி ஓவியத்துக்கு ஆறடிக்கு நாலடித் துணி.

நாலு முழ வேட்டி ஆறடி நீளம், நாலடி அகலம். சபரிமலைக்கு மாலை போடும் வீடுகளில் கறுப்பு வேட்டி பெரும்பாலும் இருக்கும். துவைத்து மடித்து வைத்ததை எடுத்துக் கொடியில் தொங்கவிடுங்கள். பளபளக்கும் சாட்டின் துணி வேண்டாம், அதுவே வெளிச்சத்தைத் திருப்பும். பருத்தி நல்லது, வெல்வெட் அதைவிட நல்லது. வேட்டியை வெட்ட மனம் வராது, வெட்டவும் வேண்டாம். இரண்டு வேட்டிகளைப் பக்கம் பக்கமாகக் கொடியில் போட்டு, நடுவில் லென்ஸ் எட்டிப்பார்க்கும் அளவு இடைவெளி விட்டு, துணி கவ்வியால் பிடித்துக்கொள்ளலாம்.

நீங்களும் கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். டிரைபாடின் வெள்ளி நிறக் கால்களில் கறுப்பு டேப் சுற்றுங்கள். இதெல்லாம் அதிகப்படி என்று தோன்றலாம். கருநீலமும் கறுப்பும் அதிகமுள்ள ஓவியத்தை ஒருமுறை வேட்டி இல்லாமலும் ஒருமுறை வேட்டியோடும் எடுத்து ஒப்பிட்டால் போதும், பிறகு நீங்களே வேட்டியைத் தேடுவீர்கள்.

விளக்குகளை வைக்கும் இடம்

அறையில் மற்ற எல்லா விளக்கையும் அணைத்து, ஜன்னலை மூடிவிடுங்கள். பகல் வெளிச்சமும் பல்ப் வெளிச்சமும் கலந்தால் ஓவியத்தின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் வரும். ஒரே கம்பெனி, ஒரே வாட், ஒரே நிறத்தில் இரண்டு எல்.இ.டி. பல்புகள் வாங்குங்கள். அட்டையில் சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு நிஜமாகக் காட்டும் என்ற அளவு) 90க்கு மேல் என்று இருந்தால் சிவப்பும் ஊதாவும் நிஜமாக வரும். சாதாரண பல்புகள் பலவற்றில் அது 80 தான்.

ஓவியத்தின் இடது ஓரத்திலிருந்து நாலடி பக்கவாட்டில், மூன்றடி முன்னால் ஒரு விளக்கு. வலப்பக்கமும் அதே அளவில் இன்னொன்று. புத்தகங்கள் 45 டிகிரி என்று சொல்லும். மெருகு கூடிய ஓவியத்துக்கு அதைவிடக் கொஞ்சம் தாழ்ந்த சாய்வு, ஓவியத்தின் தளத்திலிருந்து 35 அல்லது 40 டிகிரி, பாதுகாப்பானது. இரண்டு விளக்குமே ஓவியத்தின் உயரத்தின் மையத்தில் இருக்கட்டும். விளக்கைத் தன் பக்கத்து ஓரத்தைப் பார்த்துத் திருப்பாமல், எதிர்ப்பக்கத்து ஓரத்தைப் பார்த்துத் திருப்புங்கள். அப்போது அருகில் உள்ள இடத்துக்கு வெளிச்சத்தின் ஓரம் மட்டும் படும், தூரத்தில் உள்ள இடத்துக்கு அதன் மையம் படும், இரண்டும் ஏறக்குறையச் சமமாகிவிடும்.

சமமா என்று பார்க்க, ஒரு பென்சிலை ஓவியத்தின் நடுவில், கேமராவைப் பார்த்து நேர் வெளியே நீளும்படி பிடியுங்கள். இருபுறமும் விழும் நிழல்கள் ஒரே நீளத்திலும் ஒரே கருமையிலும் இருக்க வேண்டும். ஒன்று அதிகமாகக் கருத்திருந்தால், அந்த நிழலுக்கு எதிர்ப்பக்கத்து விளக்குதான் நெருங்கி இருக்கிறது, அதைச் சற்றுத் தள்ளுங்கள்.

தாழ்ந்த வெளிச்சம் தூசியைக் காட்டிக்கொடுக்கும். கல் பட்டறைப் பக்கம் வீடு என்றால் சொல்லவே வேண்டாம். காற்றூதும் ரப்பர் பந்தால் ஊதிவிட்டு, மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் தடவுங்கள். ஈரத்துணி வேண்டாம்.

ஒற்றை விளக்குதான் இருக்கிறதா? கேமராவை அசைக்காமல், விளக்கை இடப்பக்கம் வைத்து ஒரு படம், வலப்பக்கம் வைத்து ஒரு படம் எடுங்கள். கணினியில் ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேல் அடுக்கை 'டார்க்கன் ஒன்லி' முறையில் மாற்றுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டில் இருட்டானது மட்டும் நிற்கும், கிளேர் புள்ளிகள் போய்விடும். ஓரங்களில் வெளிச்சம் கொஞ்சம் குறையும், அதைத் திருத்திக்கொள்ளலாம்.

இன்னும் தள்ளி நில்லுங்கள்

போனில் 1x என்று காட்டும் சாதாரண லென்ஸில் மூன்றடி ஓவியத்தைச் சட்டத்துக்குள் அடக்க வேண்டுமானால் இரண்டரை அடி தூரத்தில் நிற்க வேண்டியிருக்கும். அவ்வளவு நெருக்கத்தில் ஓவியத்தின் ஓரங்கள் அறையின் பக்கவாட்டுச் சுவர்களையும் காட்டத் தொடங்கும், விளக்குகளுக்கும் அந்தப் பகுதிக்கும் இடைவெளி குறையும். இரண்டு மடங்கு ஜூம் லென்ஸ் உள்ள போனாக இருந்தால் அதைப் போட்டு ஐந்தடி தள்ளுங்கள். 50 மில்லிமீட்டர் லென்ஸ் போட்ட ஏ.பி.எஸ்.சி. (நடுத்தர அளவு சென்சார் உள்ள) கேமரா என்றால் ஏழரை அடி. தள்ளிப்போகப் போக ஓவியம் காட்டும் பகுதி ஒடுங்கும், விளக்கு வைக்க இடம் கிடைக்கும். அகலக் கோண லென்ஸைத் தொடவே வேண்டாம்.

கேமராவில் எஃப் 8 (லென்ஸ் துளையின் அளவு), ஐ.எஸ்.ஓ. 100 (வெளிச்ச உணர்திறன்), ரா கோப்பு (சுருக்காத மூலப் பதிவு), இரண்டு நொடி டைமர். இரண்டு 20 வாட் பல்புக்கு ஷட்டர் அரை நொடிக்கு மேலும் போகலாம், டிரைபாடில் இருப்பதால் கவலையில்லை. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவு பல்புகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் படத்தில் கோடுகள் விழும், 1/50க்குக் கீழே மெதுவாகவே வைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், கான்வாஸும் வேட்டியும் ஆடும். ஃப்ளாஷ் கூடவே கூடாது. அது லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருக்கும் விளக்கு, நேராகத் திரும்பி வந்து நடுவில் வெள்ளைத் திட்டாக நிற்கும்.

போனில் அழகூட்டும் வசதிகளையும் ஹெச்.டி.ஆரையும் அணைத்து, ப்ரோ மோட் இருந்தால் அதற்குப் போங்கள். வெண்மைச் சமநிலையைத் தானியங்கியில் விடாதீர்கள். செந்தூரா மாம்பழங்களை முழுக் கான்வாஸ் நிறைய வரைந்திருந்தால், போன் "எல்லாம் சிவப்பாக இருக்கிறதே" என்று எண்ணி நீலத்தைக் கலந்துவிடும், பழம் வெளிறிப்போகும். ஓவியத்தின் ஓரத்தில் ஒரு சாம்பல் அட்டையை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால் பிறகு அதை வைத்தே நிறத்தைச் சரிசெய்யலாம்.

வெயிலை நம்பி வெளியே வந்தால்

நேர் வெயில் ஆகாது, நிழல் வேண்டும். ஆனால் எந்த நிழல் என்பதில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். மாந்தோப்பு நிழல் குளுமையாக இருக்கும், அங்கே வரும் வெளிச்சம் இலைகளில் வடிகட்டி வருவதால் படம் பச்சை பாரிக்கும், இடையிடையே வெயில் பொட்டுகளும் விழும். செம்மண் முற்றத்தில் தரையிலிருந்து எழும் வெளிச்சம் ஓவியத்தின் கீழ்ப்பாதியைச் செந்நிறமாக்கும். பக்கத்து வீட்டுச் சுவர் ரோஸ் நிறம் என்றால் அதுவும் வந்து ஒட்டும்.

வீட்டின் வடக்குப் பக்கத்து நிழல் நல்லது என்று பல வழிகாட்டிகளில் படித்திருப்பீர்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கு அது வருடம் முழுதும் பொருந்தாது. நாம் நிலநடுக்கோட்டுக்கு 12 டிகிரி வடக்கில் இருக்கிறோம். ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், வடக்குச் சுவரில் வெயில் படும். அந்த மாதங்களில் நண்பகலில் தெற்குப் பக்கம் போங்கள், மற்ற மாதங்களில் வடக்கு. ஆடிக் காற்றில் வெளியே எடுக்க நினைக்க வேண்டாம், பெரிய கான்வாஸ் பாய்மரம் போலப் பிடித்துக்கொண்டு பறக்கும். மேகம் மூடிய ஐப்பசி, கார்த்திகை நாட்கள் எனக்குப் பிடித்தவை.

ஓவியத்தைச் சுவரில் சாய்த்து வைத்தால் அது வானத்தைப் பார்க்கும், வானம் மொத்தமும் வந்து மேலே படியும். செங்குத்தாக நிறுத்துங்கள். ஒன்றரை அடிக்குள் உள்ள சிறிய ஓவியத்துக்கு என் விருப்பமான வழி இது: ஓவியத்தை வாசலுக்கு வெளியே, திறந்த கதவைப் பார்த்தபடி நாற்காலியில் நிறுத்துவேன். நான் இருட்டான அறைக்குள், நிலைப்படிக்குச் சற்றுப் பின்னால் நின்று வெளியே பார்த்து எடுப்பேன். வெளிச்சம் வாசலின் இரு பக்கத்திலிருந்தும் ஓவியத்தின் மேல் விழும், எதிரே ஓவியம் காண்பது இருண்ட மூன்றடிக் கதவை மட்டும். வேட்டியும் வேண்டாம், விளக்கும் வேண்டாம்.

வண்ணம் திட்டுத்திட்டாக எழும்பியிருந்தால்

கத்தியால் அப்பிய வண்ணத்தில் மேலே சொன்னதெல்லாம் பாதிதான் பலிக்கும். ஒவ்வொரு மேடும் ஒவ்வொரு திசையைப் பார்க்கும் குட்டிக் கண்ணாடி. எங்கே விளக்கு வைத்தாலும் சில மேடுகள் அதைப் பிடித்துக்கொள்ளும். விளக்குக்கு முன்னால் ஒரு மெல்லிய வெள்ளை வேட்டியை விரித்தால் ஊசிமுனைப் புள்ளிகள் மென்மையான மினுக்கமாக மாறும், பலருக்கு அதுவே போதும்.

முழுதும் போக வேண்டுமென்றால் போலரைசர்தான் வழி: ஒரே திசையில் அதிரும் வெளிச்சத்தை மட்டும் விடும் வடிகட்டி அது. லென்ஸில் மட்டும் சி.பி.எல். ஃபில்டர் (லென்ஸில் மாட்டிச் சுழற்றும் போலரைசர்) மாட்டிவிட்டு "ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்பவர்கள் உண்டு. நேர் எதிரிலிருந்து எடுக்கும்போது திரும்பி வரும் கிளேர் அவ்வளவாக முனைப்படுவதில்லை (ஒரே திசை அதிர்வாக மாறுவதில்லை), எனவே ஃபில்டருக்கு வேலை இல்லை. விளக்கின் முன்னாலும் போலரைசிங் ஷீட் வேண்டும். இரண்டு விளக்கின் ஷீட்டும் ஒரே திசையில் இருக்கட்டும், பல்பின் சூடு படாமல் சற்றுத் தள்ளிப் பிடியுங்கள். ஓவியத்தின் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்து, லென்ஸ் ஃபில்டரைச் சுழற்றுங்கள். டம்ளரின் மேல் உள்ள விளக்குப் பொட்டு அணைந்து கருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். மெருகில் பட்டு நேராகத் திரும்பும் வெளிச்சம் தன் முனைப்பை மாற்றாமல் வருவதால் ஃபில்டரில் அடைபடுகிறது. வண்ணத்துக்குள் புகுந்து சிதறி வருவது முனைப்பை இழந்துவிடுவதால் அது மட்டும் உள்ளே வருகிறது.

வெளிச்சம் ஆறில், எட்டில் ஒரு பங்காகக் குறையும். ஷட்டர் மூன்று நான்கு நொடிக்குப் போகும். நிறங்களும் நிஜத்தைவிட அடர்ந்து வரும், அதனால் ஃபில்டரை முழு இருட்டிலிருந்து ஒரு நூல் திருப்பி விடுவேன். தூரிகைத் தடம் செத்துப்போன மாதிரி ஆகிவிட்டால் அது அந்த ஓவியமே இல்லை. தங்க நிற வண்ணமோ தங்கத்தாளோ இருக்கும் ஓவியத்துக்கு இந்த முறை ஆகாது, தங்கம் கருத்துவிடும். உலோகம் மின்ன அதற்கு எதிரே வெளுப்பாக ஏதாவது வேண்டும். கறுப்பு வேட்டியைக் கொஞ்சம் விலக்கி, அந்த இடத்தில் ஒரு தெர்மாகோல் அட்டையைப் பிடித்துப் பாருங்கள், தங்கம் உயிர்த்து வரும்.

எடுத்த பிறகு

படத்தை நூறு சதவிகிதம் பெரிதாக்கி நான்கு மூலைகளையும் பாருங்கள், ஓவியத்தை எதிரே வைத்தே பாருங்கள். நினைவில் இருந்து நிறம் திருத்தினால் தவறும். ஓரங்களை நேராக்கி, சாம்பல் அட்டையை வைத்து நிறம் சரிசெய்து, கறுப்பை ஒரு துளி இறக்கினால் போதும். ஒளிரும் ரோஸ், ஒளிரும் பச்சை போன்ற ஃப்ளோரசன்ட் வண்ணங்கள் எந்தத் திரையிலும் முழுதாக வராது, வாங்குகிறவரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

4000க்கு 3000 புள்ளி உள்ள 12 மெகாபிக்சல் படம் 300 டி.பி.ஐ.யில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) 13 அங்குலத்துக்கு 10 அங்குலம் வரை தெளிவாக அச்சாகும். அனுப்பும்போது வாட்ஸ்ஆப்பில் போட்டோவாக அனுப்பினால் அது சுருங்கிப்போகும். டாக்குமெண்டாக இணைத்து அனுப்புங்கள். வேட்டியை மடித்து வைக்குமுன் படத்தைக் கணினியில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள், மறுபடி எல்லாவற்றையும் கட்டுவதைவிட அது சுலபம்.